கித்தாக் கொட்டைக் கணக்கு

பொருள்களை இனம் பார்த்துப் பிரிப்பதுதான் குழந்தை செய்யும் முதல் கணக்கு வேலை. எண்களின் பெயர் வாயில் வருவதற்கு முன்பே கை அதைத் தொடங்கிவிடுகிறது. மூடிகளை ஒரு பக்கமும் கரண்டிகளை இன்னொரு பக்கமும் ஒதுக்கும் இரண்டு வயதுப் பிள்ளை, எது எதோடு சேரும், எது சேராது என்று ஒரு தீர்ப்புச் சொல்கிறது. பின்னால் வரும் எண்ணிக்கை, கூட்டல், அளவை, அட்டவணை எல்லாம் அந்தத் தீர்ப்பின் மேல்தான் ஏறி உட்காருகின்றன. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மூவார் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் 1960களிலும் 1970களிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைத் தந்தவை கித்தா என்று அவர்கள் சொல்லும் ரப்பர்க் காடும், தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் முன்திண்ணையாகிய அஞ்சடியும், ஆயாக் கொட்டகையும். அவர்களில் பலர் இன்று தாத்தா பாட்டிகள். அவர்கள் நினைவில் வைத்திருப்பதைப் பாலர் கல்வி ஆராய்ச்சியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விளையாட்டு என்று நினைத்திருந்த பலவற்றில் கணிதம் உட்கார்ந்திருப்பது தெரிகிறது.

மூவார் ஆறு கடலில் சேரும் இடத்தில் பந்தார் மகாராணி என்ற பட்டணம். ஆற்றோடு மேலே போகப் போக பஞ்சோர், பாகோ, லெங்கா என்று ஊர்கள். அவற்றை ஒட்டித் தோட்டங்கள். பஞ்சோர்ப் பக்கம் லானாட்ரான், குனோங் லெடாங் அடிவாரத்தில் சாகில் என்று தோட்டத்தின் பெயரையே தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இங்கே உண்டு. சாகில் இருக்கும் லெடாங் வட்டாரம் 2008 வரை மூவார் மாவட்டத்தோடுதான் சேர்ந்திருந்தது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இல் வந்த தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரை 10 பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஜொகூர் அந்தக் கூட்டில் சேராத மாநிலம்தான்; ஆனாலும் தோட்டப் பள்ளி முறை அங்கும் அதே சாயலில் வளர்ந்தது. 7 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பள்ளி கிடையாது. அம்மா இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகும்போது அவர்களை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவாள்.

ஆயாக் கொட்டகை என்பது பெரும்பாலும் ஒரு நீளக் கூடம். உத்தரத்தில் கைலித் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். கைக்குழந்தைகள் அவற்றில், நடக்கிற பிள்ளைகள் தரையில். பால் வெட்ட முடியாத வயதை எட்டிய ஒரு பெண்மணிதான் ஆயா. பத்துப் பதினைந்து பிள்ளைகளை மேய்க்கிறவருக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிப் போட நிர்வாகம் காசு கொடுத்ததில்லை. கொட்டகைக்கு வெளியே மரத்தடியில் கிடந்ததுதான் சாமான்: கித்தாக் கொட்டை, காய்ந்த காயோடு, உதிர்ந்த இலைக்காம்பு, பால் பிடிக்கும் உடைந்த மங்கு.

கித்தா மரம் ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிர்த்து, தளிர்த்து, பூத்து, ஆகஸ்டு செப்டம்பர் வாக்கில் காய் வெடிக்கும். வெயில் ஏறியதும் 'பட்'டென்று ஒரு சத்தம். கொட்டை எங்கேயோ போய் விழும். ஒரு காய்க்கு 3 அறை, அறைக்கு 1 கொட்டை. பெருவிரல் நுனி அளவு, வழவழப்பு, பழுப்பு நிறத்தின் மேல் கருத்தும் வெளுத்தும் திட்டுகள். முதல் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கையில் எடுத்து உருட்டிப் பார்த்தால் ஒன்றில் திட்டு பெரிதாகவும் இன்னொன்றில் பொடிப்பொடியாகவும் இருக்கும். ஒன்று உருண்டை, ஒன்று தட்டை. ஒன்றின் முதுகில் கோடு இறங்கும். ஒன்றில் புள்ளி மட்டும்.

கொட்டை பொறுக்கிய பிள்ளைகள் முதலில் கண்டுபிடித்தது, ஒரே மரத்தடியில் கிடைத்தவை எல்லாம் ஒரே கோலம் போட்டிருக்கும் என்பது. இது உண்மை. கொட்டையின் மேலோடு தாய்மரத்தின் திசுவிலிருந்து உருவாவது. மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்திருந்தாலும் ஓட்டின் வடிவத்தையும் திட்டையும் தாய்மரமே தீர்மானிக்கிறது. ஒட்டுப்போட்டு வளர்த்த ஒரே இனத்து மரங்கள் அத்தனையும் மரபில் ஒரே மரம் என்பதால் அவற்றின் கொட்டைகளும் ஒரே முகம். 1925இல் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் வழியில் பயின்றவர்கள், ஒரு நிறையில், அதாவது மர வரிசையில், நிற்பது ஆர்.ஆர்.ஐ.எம். 600ஆ, அதன் பெற்றோரில் ஒன்றான பி.பி. 86ஆ என்று அடையாளம் காண இலையோடு கொட்டையையும் பார்ப்பார்கள். அஞ்சடியில் உட்கார்ந்து கொட்டை பிரித்த ஐந்து வயதுப் பிள்ளையும் அதே வேலையைத்தான் செய்தது, சம்பளம் இல்லாமல்.

கொட்டகைகளில் நடந்த பேச்சு இப்படி இருக்கும். ஒரு பையன் கொட்டைகளை மூன்று கும்பலாகக் குவித்துவிட்டு ஒன்றை மட்டும் தள்ளி வைத்திருப்பான்.

"இது ஏன்டா தனியாக் கெடக்கு?"

"அது ஆத்தோர மரத்துது ஆயா. கோடு வேற."

"அப்ப இது?"

"இது அந்த மரந்தான். சின்னதாப் பொறந்துருச்சு."

நாலு வரிப் பேச்சில் இரண்டு பெரிய காரியம் முடிந்துவிடுகிறது. கோடு வேறானால் கும்பல் வேறு. அளவு வேறானால் கும்பல் மாறாது. எந்தப் பண்பைக் கணக்கில் எடுப்பது, எதை விட்டுவிடுவது என்று அந்தப் பையன் தானே முடிவு செய்து, அதை வாயாலும் சொல்லிவிட்டான். வகைப்படுத்தல் கணிதமாக மாறும் இடம் இதுதான். கும்பல் அழகாக இருப்பது முக்கியமில்லை. விதி என்ன, அது எல்லாக் கொட்டைக்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறதா என்பதே முக்கியம். ஆயா கேட்ட 'ஏன்' இல்லாவிட்டால் அந்த விதி பையனின் மனசுக்குள்ளேயே இருந்திருக்கும்.

எல்லா வயதிலும் குழந்தை ஒன்றுபோலப் பிரிப்பதில்லை. சுவிட்சர்லாந்தின் ஜீன் பியாஜே, பார்பெல் இன்ஹெல்டர் இருவரும் 1959இல் வெளியிட்ட நூல் இந்த வளர்ச்சியைப் படிப்படியாகக் காட்டியது. அவர்கள் வட்டமும் சதுரமுமான அட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கித்தாக் கொட்டையை வைத்தும் அதே கதைதான். மூன்று வயதுப் பிள்ளையிடம் 'ஒரே மாதிரி இருப்பதைச் சேர்' என்றால், இரண்டு கொட்டையைச் சரியாகச் சேர்க்கும், மூன்றாவதை வைக்கும்போது அது ரயிலாகிவிடும், அடுத்தது ரயிலுக்குச் சக்கரம். விதி பாதியில் கழன்றுபோய்ப் படம் வந்துவிடும். இதைத் தவறு என்று கலைத்துவிடும் பெரியவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். உண்மையில் அது ஒரு கட்டம், தானாகக் கடக்கும். நாலு வயதை ஒட்டி ஒரே பண்பைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு பிரிக்க வரும்.

அதற்கு அடுத்ததுதான் கடினமானது. கோலத்தை வைத்துப் பிரித்த அதே கொட்டைகளைக் கலைத்து, இப்போது அளவை வைத்துப் பிரிக்கச் சொன்னால் சின்னப் பிள்ளை மறுபடியும் கோலத்தையே பிடித்துக்கொள்ளும். கனடாவின் ஃபிலிப் டேவிட் செலாசோவும் சக ஆய்வாளர்களும் 1990களில் உருவாக்கிய சீட்டுச் சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. நிறத்தை வைத்துச் சீட்டுகளைப் பிரித்த 3 வயதுக் குழந்தைகளிடம் 'இனி உருவத்தை வைத்துப் பிரி' என்று சொன்னாலும் கை நிறத்துக்கே போனது. புதிய விதி என்ன என்று கேட்டால் வாய் சரியாகச் சொல்லும், கை கேட்காது. 4, 5 வயதில் பெரும்பாலோர் மாறிவிடுகிறார்கள். ஒரு கணக்கை ஒரு வழியில் தொடங்கி, அது சரிப்படாதபோது வேறு வழிக்குத் திரும்பும் மனப்பழக்கத்துக்கு வித்து இந்த மாற்றத்தில் இருக்கிறது. ஆகவே ஒரே கும்பலை ஒரு தடவை பிரித்துவிட்டு எடுத்து வைப்பதைவிட, அதையே கலைத்து வேறு விதியில் பிரிப்பதில்தான் பயன் அதிகம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த மாற்றம் விளையாட்டு மாறும்போது தானாக வந்தது. கொட்டை உடைக்கும் பந்தயத்துக்குக் கோலம் வேண்டியதில்லை. ஓடு கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு கொட்டையைத் தரையில் வைத்து அதன் மேல் இன்னொன்றை வைத்து உள்ளங்கையால் அழுத்துவார்கள். எவனுடைய கொட்டை உடைகிறதோ அவன் தோற்றான். கம்பம் எனப்படும் கிராமத்து மலாய்ப் பிள்ளைகளும் அதே பந்தயம் ஆடினார்கள். காலையில் கோலம் பார்த்துப் பிரித்த கொட்டைகளைச் சாயங்காலம் கெட்டி, பொக்கு என்று தரம் பிரிக்க வேண்டியிருந்தது. பொக்கைக் கண்டுபிடிக்கக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள். கடகடவென்றால் உள்ளே பருப்பு சுருங்கிவிட்டது. கண்ணால் பிரித்ததைக் காதாலும் கையின் கனத்தாலும் பிரிக்கும்போது பண்பு என்பது பார்வைக்கு மட்டும் உரியதில்லை என்று குழந்தைக்கு விளங்கிவிடும்.

இன்னும் ஒரு படி மேலே, வகைக்குள் வகை. 8 கொட்டை, 6 கருத்தவை, 2 வெளுத்தவை. 'கருத்த கொட்டை அதிகமா, கொட்டை அதிகமா?' என்று கேட்டால் ஐந்து வயதுப் பிள்ளை தயங்காமல் 'கருத்ததுதான்' என்று சொல்லும். கருத்ததை வெளுத்ததோடு ஒப்பிட்டுவிட்டது. கருப்பும் சேர்ந்ததுதான் மொத்தம் என்பதை ஒரே நேரத்தில் மனதில் நிறுத்த முடியவில்லை. பியாஜே மர மணிகளை வைத்துக் கேட்டது இதே கேள்விதான். 7, 8 வயது வாக்கில் பதில் மாறுகிறது. இது ஏதோ வார்த்தைப் புதிர் போலத் தோன்றும். ஆனால் 6ம் 2ம் 8இன் உறுப்புகள், 8இலிருந்து 6ஐ எடுத்தால் மிஞ்சுவது 2 என்ற கூட்டல் கழித்தல் உறவும் இதே அறிவில்தான் நிற்கிறது. முதலாம் ஆண்டில் 'எட்டில் ஆறு போக' என்று தடுமாறும் பிள்ளையை வாய்ப்பாட்டோடு உட்கார வைப்பதற்குப் பதிலாக இரு நிறக் கொட்டைகளோடு உட்கார வைத்தால் தடுமாற்றம் எங்கே என்பது சீக்கிரம் தெரியும்.

பியாஜே சொன்னது எல்லாம் அப்படியே நிற்கவில்லை. வகைப்படுத்தலும் வரிசைப்படுத்தலும் கைவந்த பிறகுதான் எண் பற்றிய உண்மையான அறிவு வரும் என்பது அவர் நிலைப்பாடு. அமெரிக்காவின் ரோச்செல் கெல்மன், சி. ஆர். காலிஸ்டல் இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு நூல், மூன்று வயதுக் குழந்தைகளுக்கே எண்ணுதலின் அடிப்படை விதிகள் பிடிபட்டிருப்பதைக் காட்டியது. ஒவ்வொன்றுக்கும் ஒரே எண்பெயர், எண்பெயர்களின் வரிசை மாறக் கூடாது, கடைசியில் சொன்ன எண்ணே மொத்தம் என்பவை அவற்றில் சில. பிரிக்கத் தெரியாவிட்டால் எண்ண வராது என்று இனிச் சொல்ல முடியாது. எண்ணுவது எதை என்ற கேள்விக்குத்தான் பிரித்தல் விடை தருகிறது. 'மங்கு எத்தனை?' என்று கேட்டால் உடைந்த மங்கைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழந்தை முதலில் தீர்மானித்தாக வேண்டும். பெரியவர்களின் கணக்குச் சண்டைகளில் பாதி எண்ணிக்கையில் வருவதில்லை. எதைச் சேர்த்து எண்ணினோம் என்பதில்தான் வரும். தோட்டத்து ஸ்டோரில் பால் நிறுவை முடிந்த பிறகு எழுந்த வாக்குவாதங்களைக் கேட்டவர்களுக்கு இது தெரியும்.

ஸ்டோர் என்றதும் பெரியவர்களின் பிரிப்பு வேலையையும் சொல்ல வேண்டும், பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள். வாளியில் வரும் பால் ஒரு கணக்கு. மங்கில் தானே உறைந்த கட்டிப்பால் இன்னொரு கணக்கு. வெட்டுவாயில் ஒட்டிக் காய்ந்து, மறுநாள் வெட்டுக்கு முன் உரித்தெடுக்கும் கோட்டுப்பால் மற்றொன்று. தரையில் சிந்தி மண்ணோடு உறைந்தது கடைசி. ஒவ்வொன்றுக்கும் விலை வேறு, ஆகவே பையும் வேறு. விடுமுறை நாளில் அம்மாவோடு நிறைக்குப் போன பிள்ளை மண் ஒட்டிய துண்டைக் கட்டிப்பால் பையில் போட்டால் முதுகில் ஒன்று விழும். புகைக்கூடத்தில் நடந்தது இதைவிட நுணுக்கம். புகையிட்ட ரப்பர் தாள்களைப் பெண்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குமிழ், பூஞ்சை, தூசி பார்த்து, கத்தரியால் அழுக்கை வெட்டி எடுத்துத் தரம் பிரிப்பார்கள். ஆர்.எஸ்.எஸ். 1 முதல் 5 வரையிலான உலகச் சந்தைத் தரம் அது.

அந்த வேலையில் விதியை மாற்றும் உரிமை யாருக்கும் கிடையாது. தரத்தை எங்கேயோ தீர்மானித்துவிட்டார்கள். கையின் வேலை பொருத்துவது. கூர்மையான கண்ணை அது வளர்க்கும், வேகத்தை வளர்க்கும். ஆனால் குழந்தைக்குக் கணக்கு வளர வேண்டுமானால் விதியைத் தானே உண்டாக்கிப் பார்க்கும் சுதந்திரமும் வேண்டும். இன்று பல பாலர் பள்ளிகளில் 'சிவப்பைச் சிவப்புக் கூடையில் போடு' என்பதோடு நிற்கும் பயிற்சி, புகைக்கூடத்து வேலையின் சின்ன வடிவம்தான். அது தேவை, அதோடு நின்றுவிட்டால் போதாது.

வீட்டுக்குள்ளும் வேலை இருந்தது. சாயங்காலம் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல்லும் நெல்லும் பொறுக்குவது, பாசிப்பயறில் கலந்த உளுந்தை எடுப்பது, மிளகாய் வற்றலில் வெளுத்ததை ஒதுக்குவது பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கு. தட்டுகளை அளவு வாரியாக அடுக்குவது யாருக்கு வேண்டுமானாலும். பிரித்தலிலிருந்து வரிசைப்படுத்தல் கிளை விடும் இடம் இந்த அடுக்கு. மூன்று தட்டில் பெரியது, சின்னது, நடுவில் ஒன்று என்று வைப்பது சுலபம். ஏழு தட்டு வரும்போது நடுவில் வரும் ஒவ்வொன்றும் ஒன்றைவிடச் சின்னது, இன்னொன்றைவிடப் பெரியது என்ற இரட்டை உறவைப் பார்த்தால்தான் அடுக்கு நிற்கும். 5 என்பது 4ஐவிடப் பெரியது, 6ஐவிடச் சின்னது என்பதும் இதே உறவுதான்.

சில்லறைக் காசு இந்த அடுக்கைக் குழப்பும், நல்ல விதமாக. 1967இல் மலேசியா தன் முதல் நாணய வரிசையை வெளியிட்டது. அதில் 5, 10, 20, 50 காசுகள் வெள்ளி நிறம். மதிப்பு ஏற ஏற வட்டமும் பெரிதாகும். செம்பு நிறத்து 1 காசு மட்டும் 5 காசைவிடச் சற்று அகலம். பெரியது என்றால் மதிப்பும் பெரியது என்று அடுக்கிக்கொண்டு வந்த பிள்ளை அங்கே முட்டிக்கொள்ளும். அளவு ஒரு பண்பு, மதிப்பு வேறொரு பண்பு. ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி இல்லை. கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் இதைச் சீக்கிரமே கற்றார்கள், மிட்டாய் குறைந்தால் யாருக்கும் கணக்கு வந்துவிடும். 1989இல் வந்த இரண்டாம் வரிசையிலும் அந்த 1 காசு, 5 காசு வேறுபாடு தொடர்ந்தது. 2008 ஏப்ரலில் கடைக் கணக்குகளை 5 காசுக்கு முழுமையாக்கத் தொடங்கிய பிறகு 1 காசு புழக்கத்திலிருந்து மறைந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் புதிர் கிடையாது. பதிலாக, 2012 முதல் புழங்கும் மூன்றாம் வரிசையில் 20ம் 50ம் பொன்னிறம், 5ம் 10ம் வெள்ளி நிறம் என்பதால் நிறம், அளவு இரண்டையும் சேர்த்துப் பார்த்துப் பிரிக்கலாம்.

அந்த இரண்டாம் வரிசையின் 10 காசில் பொறித்திருந்தது சோங்காக் பலகை. தமிழ் வீடுகளில் பல்லாங்குழி, கம்பத்தில் சோங்காக். இரண்டுக்கும் கித்தாக் கொட்டையோ புளியங்கொட்டையோ போதும். பல்லாங்குழியில் இரு பக்கமும் 7 குழியாக 14. பலகை இல்லாத வீட்டில் அஞ்சடி மண்ணில் குழி தோண்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு குழிக்கும் ஒரே எண்ணிக்கையில் கொட்டை போடுவதிலேயே சம பங்கு வந்துவிட்டது. ஒவ்வொரு குழிக்கும் ஒன்றாக விட்டுக்கொண்டே போவது ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது. குழியில் 4 சேர்ந்தால் பசு. எதிராளி கவனிக்கும் முன் அள்ள வேண்டும். அங்கே ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது, பார்த்த கணத்தில் நாலு என்று கண் சொல்ல வேண்டும். சிறு தொகையை எண்ணாமலே அறியும் இந்தத் திறனைப் பிற்காலக் கணக்குத் தேர்ச்சியோடு ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். காலிக்குழியும் ஒரு பாடம்: அதில் ஒன்றும் இல்லை என்றாலும் அது குழிதான், ஆட்டத்தில் அதற்கும் ஒரு வேலை உண்டு. பூஜ்யம் என்ற எண்ணத்தைக் கரும்பலகையில் விளக்க ஆசிரியர்கள் படும் பாட்டை நினைத்தால், பல்லாங்குழி ஆடிய பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

காயோட்டின் மூன்று அறையும் கணக்குக்கு உதவியது. கொட்டைகளை மூன்று மூன்றாக வைத்து, 'இத்தனை காய்' என்று திருப்பிச் சொல்லும் பழக்கம் பிள்ளைகளுக்கு இருந்தது. 4 கும்பல் என்றால் 12 கொட்டை. 14 கொட்டை இருந்தால் 4 காய் போக 2 மிச்சம், ஐந்தாவது காயின் மூன்றாவது கொட்டை புல்லில் கிடக்கிறது, தேடு. பெருக்கலும் வகுத்தலும் மீதியும் பள்ளியில் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே கையில் வந்துவிட்டன. சம அளவுக் கும்பலாகப் பிரிப்பதிலிருந்துதான் பெருக்கல் பிறக்கிறது. வாய்ப்பாடு அதன் சுருக்கெழுத்து.

இந்தப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளிக்குப் போன 1970களில் மலேசியாவில் நவீன கணிதம் வந்தது. கணங்கள், உட்கணம், வெற்றுக் கணம், ஆங்கிலேயர் ஜான் வென் 1880இல் அறிமுகப்படுத்திய வட்டப்படம் எல்லாம் பாடப் புத்தகத்தில் ஏறின. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்களின் நடுப்பகுதி பலருக்குப் புரியாமல் போனது. பெரிய கொட்டைகள் ஒரு வட்டம், கோடு போட்டவை ஒரு வட்டம், பெரிதாகவும் கோடு போட்டதாகவும் இருப்பவை நடுவில் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தோட்டத்தில் கற்றதும் பள்ளியில் கற்றதும் இரண்டு தனி உலகமாகவே இருந்தன. நஷ்டம் இரண்டு பக்கமும்.

தோட்டங்கள் பிறகு மாறின. கித்தா வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது, குடும்பங்கள் பட்டணத்துப் பக்கம் நகர்ந்தன. மூவார், மலேசியாவின் மரச்சாமான் தொழிலின் மையமாக வளர்ந்தது. பக்ரி, பாகோ பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு முக்கிய மூலப்பொருள், பால் வற்றிய கித்தா மரம். ஆயாக் கொட்டகைகள் மூடின. கல்வி அமைச்சு 1990களின் தொடக்கத்தில் ஆரம்பப் பள்ளிகளோடு பாலர் வகுப்புகளை இணைத்து நடத்தத் தொடங்கியது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாக ஆக்கியது. 2010இல் தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டமும் 2017இல் அதன் திருத்தமும் வந்தன. அவற்றில் எண்ணுக்கு முந்திய அனுபவம் என்றே ஒரு பகுதி உண்டு: பொருத்துதல், ஒப்பிடுதல், வரிசைப்படுத்துதல், தோரணி அமைத்தல். பாட்டிமார்களுக்குப் பெயர் தெரியாமல் தெரிந்திருந்தது இப்போது பெயரோடு வருகிறது.

ஆனால் பெயர் வந்த வேகத்தில் பயிற்றுத்தாளும் வந்துவிட்டது. நாலு ஆப்பிள், ஒரு வாழைப்பழம் அச்சடித்த தாளில் 'வேறுபட்டதை வட்டமிடு' என்பது பிரித்தல் ஆகாது; பிரித்து முடித்த ஒருவருடைய விடையைக் கண்டுபிடிப்பது மட்டுமே. தாளில் இருப்பதை எடுத்து வேறு இடத்தில் வைத்துப் பார்க்க முடியாது, மனம் மாறினால் கலைக்க முடியாது, காதோரம் வைத்து ஆட்டவும் முடியாது. கையில் பொருள் வேண்டும். மூவாரில் அதற்குப் பஞ்சமில்லை. மரச்சாமான் பட்டறைகளில் கழியும் கித்தாமரத் துண்டுகளை முனை தேய்த்து எடுத்தால் நீளம், தடிமன், வடிவம் என்று மூன்று பண்பில் பிரிக்கக் கூடிய நல்ல சாமான் ஆகும். ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் சோல்தான் டீனஸ் 1960களில் பரப்பிய தர்க்கக் கட்டைகளை விலை கொடுத்து வாங்குவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

ஆசிரியரோ பெற்றோரோ செய்ய வேண்டியது அதிகம் இல்லை. பொருளைக் கொடுத்துவிட்டு முதலில் விதி சொல்லாமல் இருப்பது. பிள்ளை பிரித்த பிறகு, எதை வைத்துப் பிரித்தாய் என்று கேட்பது. எங்கும் சேராத ஒன்றைக் கையில் கொடுத்து, இது எங்கே போகும் என்று கேட்பது. சில பிள்ளைகள் அதற்குப் புதுக் கும்பல் தொடங்கும், சில பிள்ளைகள் விதியையே திருத்தும், இரண்டும் சரி. பிறகு கும்பல்களை வரிசையாக நீட்டி அடுக்கச் சொல்வது. கும்பலாகக் கிடந்தால் பரவிக் கிடப்பது அதிகம்போலத் தோன்றும். ஒன்றுக்கு நேராக ஒன்று என்று அடுக்கினால் எந்த வரிசை நீளம், எத்தனை கூட என்று எண்ணாமலே தெரியும். ஆரம்பப் பள்ளியில் வரும் பட்டைக் குறிவரைவு தரையில் கிடக்கும் அந்த வரிசைகளின் படம்தான். இதைத் தினமும் அரை மணி நேரம் பாடமாக வைக்கத் தேவையில்லை. துவைத்த துணி மடிக்கும்போது, சந்தைப் பையைப் பிரிக்கும்போது, சாமான் எடுத்து வைக்கும்போது நடந்தால் போதும். பிள்ளை எழுந்து ஓடினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பொருள் தேர்வில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பச்சைக் கித்தாக் கொட்டைப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது; வாயில் வைக்கக் கூடாது என்று ஆயாக்கள் அதட்டியதற்குக் காரணம் இருந்தது. சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும் குன்றிமணி அதைவிடக் கொடிய நஞ்சு, ஓடு உடைந்தால் ஆபத்து; பாலர் வகுப்பில் அதற்கு இடமே இல்லை. அதற்குப் பதிலாக மலாய்க்காரர்கள் சாகா என்று சொல்லும் மஞ்சாடியை ஐந்து, ஆறு வயதினருக்குப் பெரியவர் பார்வையில் கொடுக்கலாம். மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கொட்டை, பொத்தான், நாணயம் எதுவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும். அவர்களுக்குப் பாட்டில் மூடியைவிடப் பெரிய பொருள்கள்: கரண்டி, கிண்ணம், காலுறை, அப்பாவின் செருப்பும் தம்பியின் செருப்பும்.